பழைய பாடசாலை நுணுக்குக்காட்டியில் குளத்து உயிர்களைப் படமெடுத்தல்

இந்த வேலைக்கு எடுத்த கருவி, பாடசாலை ஆய்வுகூடங்களில் ஒரு காலத்தில் வரிசையாக நின்ற வகை: ஒற்றைக்கண் குழாய், கீழே திருப்பக்கூடிய கண்ணாடி, 4, 10, 40 மடங்குப் பொருள்வில்லைகள், அடியில், விரிந்து சுருங்கும் திறப்பான ஐரிஸ் பூட்டிய அபே கொண்டென்சர், அதாவது ஒளியை ஸ்லைட்டில் குவிக்கும் வில்லை. புதிதாக வாங்கப் போகிறவர்கள் பெட்டியில் 2000 மடங்கு என்று அச்சிட்டிருப்பதைக் கண்டு மயங்குவதுண்டு. குளத்துத் தண்ணீருக்கு அந்த எண்ணால் எந்தப் பயனும் இல்லை. முக்கால்வாசி வேலை 10 மடங்குப் பொருள்வில்லையிலேயே முடிந்துவிடும். காசையும் நேரத்தையும் கொட்ட வேண்டிய இடம் வெளிச்சமும் கொண்டென்சரும், அதற்கடுத்து ஸ்லைட்டில் நிற்கும் தண்ணீரின் தடிப்பும்தான். கமரா கடைசி.

பழைய கருவி வாங்கும்போது பொருள்வில்லையின் உடம்பில் 160/0.17 என்று பொறித்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். 160 என்பது குழாயின் நீளம், 0.17 என்பது துளியின்மேல் மூடும் மெல்லிய கண்ணாடியான கவர்ஸ்லிப்பின் தடிப்பு, இரண்டும் மில்லிமீற்றரில். மரை 20.32 மி.மீ. விட்டமுள்ள ஆர்.எம்.எஸ். மரையாகவும் பார்வைத்துண்டின் குழாய் 23.2 மி.மீ. ஆகவும் இருந்தால் பிற்காலத்தில் எந்தக் கொம்பனியின் வில்லையையும் மாற்றிப் பூட்டலாம். முடிவிலிக் குறி போட்ட வில்லையை இந்தக் குழாயில் பூட்டினால் உருவம் வரும், தெளிவு வராது. கொண்டென்சர் இல்லாமல் வெறும் ஓட்டைத் தட்டு மட்டும் உள்ள கருவியை எவ்வளவு மலிவாகத் தந்தாலும் விட்டுவிடலாம்.

முதலில் கிறீஸ், பிறகு வில்லை

நெடுங்காலம் கிடந்த கருவியில் முதலில் பிடிவாதம் பிடிப்பது குவியக் குமிழ். பழைய கிறீஸ் காய்ந்து மெழுகுபோல் இறுகியிருக்கும். குமிழைப் பலவந்தமாகத் திருப்பினால் பித்தளைப் பல் தேயும், சிலவேளை முறியும். மேடையையும் பற்சட்டத்தையும் கழற்றி, மண்ணெண்ணெய் தொட்ட பழைய பற்பிரஷால் தேய்த்து, துணியால் துடைத்து, காயவிட்ட பிறகு வெள்ளை லித்தியம் கிறீஸ் மிக மெல்லிதாகப் பூசினால் போதும். தையல் இயந்திர எண்ணெய் இதற்கு உதவாது. அது ஓடிவிடும், மேடை தன் பாரத்திலேயே கீழே சரியும். சரிவு மிஞ்சியிருந்தால் இரண்டு பக்கக் குமிழ்களையும் பிடித்து எதிரெதிர்த் திசையில் சற்றே திருகிப் பார்க்க வேண்டும். பல கருவிகளில் இறுக்கத்தைக் கூட்டும் வழி அதுவே. பின்னர் படமெடுக்கப் போனை மேலே ஏற்றும்போது இந்த இறுக்கம் தேவைப்படும்.

40 மடங்கு வில்லை மங்கலாகத் தெரிந்தால் பத்தில் எட்டுக்கு அது பழுதில்லை, அழுக்கு. எண்ணெய் விட்டுப் பார்க்கும் 100 மடங்கு வில்லையும் சில கருவிகளில் இருந்திருக்கும், அதற்கு விட்ட எண்ணெயை யாரோ 40 மடங்கால் உழக்கியிருப்பார்கள். பார்வைத்துண்டைக் கழற்றித் தலைகீழாகக் கண்ணில் வைத்தால் நல்ல உருப்பெருக்கிக் கண்ணாடியாகிவிடும். அதனால் முன்வில்லையைப் பார்த்தால் காய்ந்த எண்ணெய்ப் படலம் வளையம் வளையமாகத் தெரியும். துடைக்க பாமசியில் விற்கும் சேர்ஜிக்கல் ஸ்பிரிட்டை எடுக்கக் கூடாது. அதில் ஆமணக்கெண்ணெய் போன்ற சேர்க்கைகள் உண்டு, ஸ்பிரிட் பறந்தபின் அவை படலமாக வில்லையிலேயே நிற்கும். போன் திருத்துகிறவர்கள் சர்க்கிட் பலகை கழுவப் பயன்படுத்தும் 99 சதவீத ஐசோபுரொப்பைல் அல்ககோல் புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருப் பக்கத்து இலத்திரனியல் கடைகளில் கிடைக்கும். வில்லை டிஷூவைச் சுருட்டி, முனையில் ஒரு துளி தொட்டு, நடுவிலிருந்து வெளிப்பக்கமாகச் சுழற்றி எடுக்க வேண்டும். தேய்க்கக் கூடாது, ஊறவைக்கவும் கூடாது. பழைய வில்லைகளை ஒட்டியிருக்கும் பசைக்குள் அல்ககோல் இறங்கினால் அதற்கு மருந்தில்லை.

கொழும்பின் ஈரக்காற்றில் வில்லைக்குப் பெரிய பகை பூஞ்சணம். வெளிப்பரப்பில் இருந்தால் துடைத்து எடுக்கலாம், பூச்சை அரித்த தடம் மட்டும் மிஞ்சும். உள்ளே சிலந்தி நூல்போல் ஓடியிருந்தால் அந்த வில்லையை மாற்றுவதே லாபம். 40 மடங்கைப் பிரித்து மூடினால் உள்வில்லைகளின் இடைவெளி மாறி, முன்பைவிட மோசமாகத்தான் தெரியும்.

கண்ணாடிக்குப் பதில் எல்.இ.டி.

யன்னல் வெளிச்சத்தில் படமெடுக்க முடியாது. முகில் ஒன்று கடந்தால் வெளிச்சம் பாதியாகும். கண்ணாடியை அதன் கவட்டோடு இழுத்தால் வெளியே வந்துவிடும். அந்த இடத்தில் 3 வாட் நட்சத்திரத் தட்டு எல்.இ.டி. ஒன்றை விரலளவு அலுமினியத் துண்டில் ஒட்டி வைக்க வேண்டும். 4000 கெல்வின் வெள்ளை, நிறம் காட்டும் சுட்டி 90க்கு மேல் என்று கேட்டு வாங்கினால் பச்சை அல்காவின் நிறம் பொய்யாகாது. மலிவான நீலவெள்ளையில் எல்லாமே பாசி படிந்த நீலமாக வரும்.

மின்னோட்டம் 5 வோல்ட் யூ.எஸ்.பி. வழியாக. எல்.இ.டி. ஏறத்தாழ 3.3 வோல்ட் எடுத்துக்கொள்ளும், மீதி 1.7 வோல்ட்டை ரெசிஸ்டர் தின்ன வேண்டும். 4.7 ஓம் போட்டால் 350 மில்லி அம்பியர் வரும். இது, பின்னணியைக் கறுப்பாக்கி உயிரை மட்டும் ஒளிரவிடும் கரும்புல ஒளிக்கு. 22 ஓம் போட்டால் 90 மில்லி அம்பியருக்குக் கிட்ட, இது வழக்கமான பார்வைக்கு. 100 ஓம் போட்டால் 20 மில்லி அம்பியர் சொச்சம், 4 மடங்கில் கண் கூசாமல் பார்க்க. மூன்றையும் ஒரு மூன்று நிலைச் சுவிச்சில் கோர்த்தால் வேலை முடிந்தது. 4.7 ஓம் ரெசிஸ்டரில் 0.6 வாட் வெப்பம் வரும் என்பதால் அது மட்டும் 2 வாட் அளவாக இருக்கட்டும். மற்ற இரண்டும் கால் வாட் போதும்.

சுழற்றும் பொட்டென்சியோமீற்றர் போட்டால் அழகாக இருக்குமே என்று தோன்றும். 100 ஓம், அரை வாட் கரித்தடப் பொட் ஒன்று முழுத் தடத்துக்கும் 70 மில்லி அம்பியரைத்தான் தாங்கும். குமிழை முழுவதும் திருப்பினால் கடைசித் துண்டுத் தடத்தில் 350 ஓடி அந்த இடம் கருகும். கடையில் விற்கும் மங்கலாக்கும் சிறு சர்க்கிட்டுகள் வேறு வகைத் தொல்லை. அவை எல்.இ.டி.யைக் கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் அணைத்து அணைத்து ஏற்றுகின்றன. கண் ஏமாறும், கமரா ஏமாறாது. படத்தில் கறுப்புப் பட்டைகள் விழும், வேகமான ஷட்டரில் இன்னும் மோசம். நேர்மின்னோட்டமும் ரெசிஸ்டரும் பழங்கால வேலைதான், ஆனால் 1/1000 விநாடியில்கூட வெளிச்சம் அசையாது.

பவர் பாங்கில் ஓட்டும்போது இன்னொன்று நடக்கும். 100 ஓம் நிலையில் இழுக்கும் மின்னோட்டம் சிறிது என்பதால் போன் நிரம்பிவிட்டது என்று எண்ணி பவர் பாங்க் அரை நிமிடத்தில் தானாக அணைந்துவிடும். யூ.எஸ்.பி. வரும் இடத்தில் 47 ஓம், 2 வாட் ரெசிஸ்டர் ஒன்றைச் சமாந்தரமாகப் போட்டால் 106 மில்லி அம்பியர் எப்போதும் ஓடும், பெரும்பாலான பவர் பாங்குகள் விழித்திருக்கும். சுவர்ச் சார்ஜரில் ஓட்டினால் இது தேவையில்லை.

எல்.இ.டி.க்கு மேலே ஏறத்தாழ 2 சென்ரிமீற்றர் தள்ளி ஒரு பரப்பி வேண்டும். உரைத்த கண்ணாடி நல்லது, வரைபடத் தாள் இரண்டு மடிப்பும் போதும். பரப்பி இல்லாவிட்டால் எல்.இ.டி.யின் மஞ்சள் சதுரம் பார்வைப்புலத்தின் நடுவிலேயே வந்து உட்காரும்.

கொண்டென்சரும் கறுப்பு வட்டமும்

கொண்டென்சர் மேடைக்கு ஒன்றிரண்டு மில்லிமீற்றர் கீழே வரும்வரை உயர்த்தியிருக்க வேண்டும். வெளிச்சம் கூடிவிட்டது என்று அதைக் கீழே இறக்குவது பாடசாலையிலிருந்து தொடரும் கெட்ட பழக்கம். வெளிச்சத்தைக் குறைக்கச் சுவிச் இருக்கிறது. ஐரிஸின் வேலையும் வெளிச்சம் குறைப்பதல்ல. பார்வைத்துண்டைக் கழற்றிக் குழாய்க்குள் பார்த்தால் பொருள்வில்லையின் பின்பக்கம் ஒளிவட்டமாகத் தெரியும். அந்த வட்டத்தின் விட்டத்தில் முக்கால் பங்கு திறந்திருக்கும்படி ஐரிஸை வைத்தால் தெளிவும் கிடைக்கும், கண்ணாடி போன்ற உடல்கள் பின்னணியிலிருந்து பிரிந்தும் தெரியும். அதற்கும் கீழே மூடினால் ஒவ்வொரு மயிருக்கும் இரட்டைக் கோடு விழும்.

குளத்து உயிர்களில் பாதிக்கு நிறமே கிடையாது. அவற்றுக்குக் கரும்புலம் கைகொடுக்கும். அதற்கு வேண்டியதெல்லாம் கொண்டென்சருக்குக் கீழே உள்ள வடிகட்டித் தட்டில் வைக்கும் ஒரு கறுப்பு வட்டம். அளவு பிடிக்கும் வழி இதுதான்: 10 மடங்கு வில்லையைப் போட்டு, ஒரு ஸ்லைட்டைக் குவித்து, பார்வைத்துண்டைக் கழற்றி, ஐரிஸின் விளிம்பு ஒளிவட்டத்தின் விளிம்போடு சரியாகப் பொருந்தும்வரை மூட வேண்டும். இப்போது கொண்டென்சரைக் கீழிருந்து பார்த்து ஐரிஸ் திறப்பின் விட்டத்தை அளக்க வேண்டும். அதைவிடப் பத்தில் ஒரு பங்கு பெரிய வட்டம் வெட்டினால் போதும். அளந்ததிலிருந்து ஒவ்வொரு மில்லிமீற்றராகக் கூட்டி மூன்று நான்கு வட்டங்களைக் கறுப்பு அட்டையில் வெட்டி, தெளிந்த பிளாஸ்டிக் தட்டில் ஒட்டிப் பார்ப்பது நல்லது. சிறிதாக இருந்தால் பின்னணி சாம்பலாகும், பெரிதாக இருந்தால் உயிரும் சேர்ந்து இருண்டுவிடும். வட்டம் நடுவிலிருந்து விலகினால் ஒரு பக்கம் மட்டும் ஒளிரும். அதுவும் ஒரு அழகுதான், வேண்டுமென்றே செய்யலாம்.

40 மடங்குக்கும் இதைச் செய்யலாமா என்றால், கணக்கு இடம் கொடுக்கும், கை கொடுக்காது. என்.ஏ. என்பது வில்லை எவ்வளவு அகலமான ஒளிக்கூம்பை வாங்கும் என்பதைக் காட்டும் எண். 10 மடங்கின் என்.ஏ. 0.25, 40 மடங்கினது 0.65. வட்டமும் அதே விகிதத்தில் 2.6 மடங்கு பெரிதாக வேண்டும். 10 மடங்குக்கு 8 மி.மீ. பொருந்தினால் 40 மடங்குக்கு 21 மி.மீ. விளிம்பில் மிஞ்சும் மெல்லிய வளையத்தால் வரும் ஒளி போதாது, ஸ்லைட்டில் உள்ள தூசியெல்லாம் நட்சத்திரமாகும். 40 மடங்குக்கு நேரொளியோ, வட்டத்தைப் பாதி விலக்கிய சாய்வொளியோ மேல்.

உடைந்த எல்.சி.டி. திரையிலிருந்து உரித்த முனைவாக்கத் தாள் இரண்டு கிடைத்தால் ஒன்றைக் கொண்டென்சருக்குக் கீழும் மற்றதைப் பார்வைத்துண்டின் மேலும் வைத்துக் குறுக்காகத் திருப்பலாம். முழு இருட்டு வராமல் ஊதாவோ பழுப்போ வந்தால் ஒரு தாளைப் புரட்டிப்போட வேண்டும். சில தாள்களின் ஒரு பக்கத்தில் வேறு படலம் ஒட்டியிருக்கும். சைக்கிளொப்ஸ் என்ற சிறு ஓட்டுயிரின் தசைநார்களும் மாச்சத்து மணிகளும் அந்த இருட்டில் பளிச்சிடும்.

தண்ணீர் எங்கே, எப்படி

2018இல் ராம்சார் ஈரநில நகரம் என்ற அங்கீகாரம் பெற்ற ஊர் கொழும்பு. தண்ணீருக்குப் பஞ்சமில்லை, ஆனால் எல்லாத் தண்ணீரும் எடுக்கும் தண்ணீர் அல்ல. பெல்லன்வில அத்திடிய சரணாலயம், பெத்தகான, தியசரு பூங்காக்கள் போன்ற இடங்களில் அனுமதி இல்லாமல் போத்தலை நீட்டக் கூடாது. தியவன்னா ஓயா, பொல்கொட பக்கங்களில் முதலை உண்டு, கரையில் குந்தியிருந்து வலை வீசும் வேலை வேண்டாம். வெள்ளவத்தை, தெகிவளைக் கால்வாய்களின் கடல் முனையில் உவர் கலந்திருக்கும், நன்னீர் உயிர்களை அங்கே தேடிப் பயனில்லை. எங்கே எடுத்தாலும் கையுறை கட்டாயம். எலிக்காய்ச்சல் கிருமி காலிலோ கையிலோ உள்ள சிறு வெடிப்பு வழியாகவே ஏறிவிடும்.

அதிகம் அலையாமல் கிடைப்பது மானெல் என்ற அல்லிப் பூ வளர்க்கும் சிமெந்துத் தொட்டி. கப்பி மீன் இல்லாத தொட்டியாக இருக்க வேண்டும், மீன் உள்ள தொட்டியில் பெரிய உயிர்கள் எல்லாம் அதன் வயிற்றில். அடுத்தது மிதக்கும் களைகள். ஜப்பான் ஜபர என்ற ஆகாயத்தாமரையும், 1939இல் இலங்கைக்குள் வந்த சல்வீனியாவும் கால்வாய்களுக்குச் சாபம், நுணுக்குக்காட்டிக்காரருக்கு வரம். திறந்த தண்ணீரை ஒரு வாளி அள்ளி வடித்தாலும் கிடைக்காத கூட்டம் ஒரு பிடி வேரில் இருக்கும். சல்வீனியாவின் வேர்போலத் தொங்குவது உண்மையில் உருமாறிய இலை. அதை ஒரு கோப்பைத் தண்ணீருக்குள் அலசிப் பிழிந்தால் வோர்ட்டிசெல்லா, ஸ்டென்டர், ரொட்டிஃபர், ஒஸ்ட்ரகொட், சிறு புழுக்கள் எல்லாம் ஒரே ஊற்றில் இறங்கும். பிழிந்த களையை எடுத்த இடத்திலேயே போட்டுவிட வேண்டும். இன்னொரு குளத்துக்குக் கொண்டுபோவது குற்றத்துக்குச் சமம்.

திறந்த நீருக்கு மட்டும் வலை வேண்டும். ஸ்கிரீன் பிரிண்டிங் துணியில் 120 ரி என்ற எண் சென்ரிமீற்றருக்கு 120 இழையைக் குறிக்கும், துளை ஏறத்தாழ 45 முதல் 50 மைக்ரோமீற்றர். ரொட்டிஃபர்கள் பெரும்பாலும் 100க்கு மேல் என்பதால் தப்பாது. உடுப்பு மாட்டும் கம்பியை 20 சென்ரிமீற்றர் வளையமாக்கி, துணியைக் கூம்பாகத் தைத்து, அடியில் ஒரு மாத்திரைப் போத்தலைக் கிளிப்பால் இறுக்கினால் வலை. நடை வேகத்துக்கும் மெதுவாக இழுக்க வேண்டும். வேகமாக இழுத்தால் துளை வழியாகத் தண்ணீர் போக நேரமில்லாமல் வாய்ப்பக்கமாகவே தள்ளிவிடும், உயிர்களும் அதோடு போய்விடும்.

பேர வாவிக்கு வலையே வேண்டாம். பச்சைக் கூழ்போல் நிற்கும் நாளில் ஒரு துளியே போதும். பெரும்பாலும் அது மைக்ரோசிஸ்டிஸ் என்ற நீலப்பச்சை அல்கா. ஒழுங்கற்ற பஞ்சுக் கூட்டங்களுக்குள் சிறு உருண்டைகள், குவியத்தை ஏற்றி இறக்கினால் ஒரு நிலையில் கறுப்பாகவும் மறுநிலையில் பளிச்சென்றும் மாறும். அழுக்கு என்று எண்ணி ஸ்லைட்டைக் கழுவிவிடுகிறார்கள். அந்தக் கறுப்பு உயிரணுவுக்குள் இருக்கும் வாயுப் பைகளால் வருவது, அவற்றால்தான் அல்கா மேலே மிதக்கிறது. ஊசியில்லாத 1 மில்லிலீற்றர் சிரிஞ்சில் அந்தத் தண்ணீரைக் காற்றுக் குமிழி இல்லாமல் இழுத்து, முனையைப் பசை அடைத்து மூடி, கட்டைவிரலால் பலமாக அமுக்கிப் பிடித்தால் பைகள் நசுங்கும். அதே நீரை மறுபடி பார்த்தால் கறுப்பு மறைந்து உருண்டைகள் வெளிறியிருக்கும், குப்பியில் விட்டால் அடியில் படியும். மூடியைத் தெறிக்க விடாமல் கண்ணாடி அணிந்து செய்ய வேண்டும். மைக்ரோசிஸ்டிஸ் ஈரலைத் தாக்கும் நஞ்சைச் சுரக்கக் கூடியது. அந்தத் தண்ணீரை மீன் தொட்டியில் ஊற்றவோ, கை கழுவாமல் சாப்பிடவோ கூடாது.

பெருமழைக்கு மறுநாள் எடுத்த தண்ணீர் பெரும்பாலும் வெறும் சேறு. மழை ஓய்ந்து நாலைந்து நாள் போகட்டும். போத்தலில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் நிரப்பக் கூடாது, மேலே காற்று வேண்டும். வெயிலில் நிறுத்திய வாகனத்துக்குள் வைத்த போத்தல் வீடு வந்து சேரும்போது கஞ்சியாகியிருக்கும். ரெஜிபோம் பெட்டிக்குள் ஈரத்துணி சுற்றி வைத்தால் போதும், ஐஸ் வேண்டாம், ஃபிரிஜ்ஜும் வேண்டாம். 28 பாகையில் வாழ்ந்த உயிர் 4 பாகையில் சுருண்டுவிடும். குறைந்த தண்ணீருக்குக் குழாய்த் தண்ணீர் ஊற்றினால் குளோரின் ஒரே இரவில் வெறுமையாக்கும். மழைத்தண்ணீர் நல்லது.

வீட்டில் போத்தல்களை வரிசையாக வைத்திருப்பதில் கொழும்புக்கே உரிய சிக்கல் நுளம்பு. 2007ஆம் ஆண்டின் 11ஆம் இலக்க நுளம்பு பெருக்கத் தடுப்புச் சட்டத்தின்படி குடம்பி உள்ள தண்ணீர் வீட்டில் இருப்பது குற்றம், பி.எச்.ஐ. என்ற பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வந்து பார்க்கும்போது இது ஆராய்ச்சி என்று சொல்லித் தப்ப முடியாது. ஒவ்வொரு வாயிலும் நுளம்பு வலைத் துணியை ரப்பர் வளையத்தால் இறுக்க வேண்டும். வரும்போதே முட்டையோ குடம்பியோ கூட வந்திருக்கலாம், ஆகவே தினமும் ஒருமுறை டோர்ச் அடித்துப் பார்த்து, நெளிவதை உறிஞ்சி எடுத்துவிட வேண்டும். குடம்பி ஒன்று ஒரு வாரத்தில் நுளம்பாகிவிடும். பழைய தண்ணீரைக் கானுக்குள் ஊற்றாமல் காய்ந்த மண்ணில் ஊற்ற வேண்டும். டெங்கு நுளம்பு நீர்மட்டத்துக்குச் சற்று மேலே சுவரில் முட்டை ஒட்டும், அது காய்ந்தும் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும். போத்தலின் உட்சுவரை பிரஷ் போட்டு உரசிக் கழுவாமல் மறுபடி நிரப்பக் கூடாது.

துளியின் தடிப்பு

துளிக்குழாயின் ஒரு துளி ஏறத்தாழ 50 மைக்ரோலீற்றர். 22 மி.மீ. சதுரக் கவர்ஸ்லிப்பின் கீழ் அது 0.1 மி.மீ. தடிப்பாகப் பரவும். பரமீசியத்துக்கு அது நீச்சல் தடாகம், குவியத்துக்குள் பிடிக்கவே முடியாது. 40 மடங்குக்கு 15 மைக்ரோலீற்றர் போதும், 0.03 மி.மீ. வரும். நடைமுறையில் சாதாரணத் துளியை விட்டு, ஓரத்தில் டிஷூத் துண்டின் நுனியைத் தொட்டுத் தொட்டு உறிஞ்சி, கண்ணால் பார்த்துக்கொண்டே குறைப்பதுதான் நல்ல வழி. உயிர் முதலில் வேகம் குறையும், பிறகு ஒரே இடத்தில் சுழலும். அங்கே நிறுத்த வேண்டும். இன்னும் உறிஞ்சினால் கவர்ஸ்லிப் அதை நசுக்கி உடல் வெடித்துப் பச்சை மணிகளாகச் சிதறும்.

பெரிய உயிர்களுக்கு நான்கு மூலையிலும் வசலின் சிறு புள்ளி வைத்து, அதன்மேல் கவர்ஸ்லிப்பை அமுக்கி உயரத்தைச் சரிசெய்யலாம். நான்கு ஓரத்தையும் வசலினால் அடைத்தால் ஸ்லைட் மணிக்கணக்கில் காயாது. காற்றாடியின் கீழ் அடைக்காத ஸ்லைட் கால் மணி நேரம் தாங்கினால் பெரிது. உயிரின் வேகம் குறையத் தண்ணீரைக் கூழாக்க மெதைல் செல்லுலோசு 2 சதவீதக் கரைசல் நல்லது. அது கிடைக்காதபோது கண்ணுக்கு விடும் செயற்கைக் கண்ணீர்த் துளிமருந்தைக் கலப்பார்கள். அது வேகத்தைச் சற்றே குறைக்கும், அவ்வளவுதான்.

40 மடங்கில் மட்டும் கவர்ஸ்லிப்பின் தடிப்பு தவறினால் படம் கெடும். 0.65 என்.ஏ.க்கு 0.17 மி.மீ. கண்ணாடி என்று கணக்கிட்டே வில்லையைச் செய்கிறார்கள். உயிருக்கும் கவர்ஸ்லிப்புக்கும் இடையில் தண்ணீர் அதிகம் நின்றாலும் அது கூடுதல் கண்ணாடியாகவே கணக்காகும், உருவத்தைச் சுற்றிப் பால் படிந்ததுபோல் இருக்கும். கவர்ஸ்லிப்பின் அடிப்பக்கத்தை ஒட்டித் திரியும் உயிரை மட்டும் எடுப்பது அதற்கு மருந்து. கருவியின் கையைச் சாய்த்து வைத்துப் பார்க்கும் பழக்கத்தையும் விட வேண்டும், மேடை சாய்ந்தால் தண்ணீரோடு எல்லாம் ஒரு பக்கம் வழியும்.

போனில் எடுப்பது

எத்தனை மெகாபிக்சல் வேண்டும் என்பதற்குக் கணக்கே பதில். 10 மடங்கு, 0.25 என்.ஏ. வில்லை பச்சை ஒளியில் பிரித்துக் காட்டும் மிகச் சிறிய இடைவெளி 1.3 மைக்ரோமீற்றருக்குச் சற்றுக் கூட. புல எண் 18 என்று பொறித்த பார்வைத்துண்டில் பார்வைப்புலம் 1.8 மி.மீ. அந்த இடைவெளிக்கு இரண்டு பிக்சல் வீதம் வைத்தால் புலத்தின் விட்டத்துக்கு 2700 பிக்சல் போதும். 40 மடங்கில் புலம் 0.45 மி.மீ., பிரிப்பு 0.5 மைக்ரோமீற்றர், 1750 பிக்சல்கூட வேண்டியதில்லை. பழைய 12 மெகாபிக்சல் போனின் 4000க்கு 3000 தாராளம். 108 மெகாபிக்சல் வெறும் மங்கலைப் பெரிதாக்கித் தரும். 4கே வீடியோவின் ஒரு ஃபிரேமே 40 மடங்குக்குப் போதுமானது, ஓடும் உயிரைப் பிடிக்க வீடியோவிலிருந்து ஃபிரேம் பிரித்தெடுப்பது சுகமும்கூட.

தாங்கி செய்ய, பார்வைத்துண்டின் வெளிவிட்டத்தை அளந்து, அதற்குச் சற்றுத் தளர்வான பி.வி.சி. குழாய்த் துண்டு ஒன்றை வெட்டி, உள்ளே கம்பளித் துணி ஒட்டி இறுக்க வேண்டும். அதைப் போனின் பழைய கடின உறையில் கமராத் துளைக்கு நேராக எப்பொக்சியால் ஒட்டலாம். ஒட்டும் முன் போனைக் கையால் பிடித்து உயர்த்தித் தாழ்த்திப் பார்த்தால் ஒரு தூரத்தில் ஒளிவட்டம் முழுமையாகி அதன் விளிம்பு கூராகும். குழாயின் நீளம் அந்தத் தூரம். பழைய ஹைகன்ஸ் பார்வைத்துண்டில் அது சில மில்லிமீற்றர்தான், போனின் கண்ணாடி இடிக்கும். கண்ணாடி அணிந்தோருக்கான அகலப்புல 10 மடங்குத் துண்டுக்கு மாற்றினால் இடம் கிடைக்கும்.

2 அல்லது 3 மடங்குக் கமரா இருந்தால் அதை எடுக்க வேண்டும், புலம் திரையை நிரப்பும். ஆனால் வெளிச்சம் குறைந்தால் பல போன்கள் சொல்லாமல் கொள்ளாமல் பெரிய கமராவுக்குத் தாவி, அதை வெட்டிப் பெரிதாக்கிக் காட்டும். ஒவ்வொரு கண்ணையும் விரலால் மறைத்துப் பார்த்தால் எது வேலை செய்கிறது என்று தெரிந்துவிடும். தானியங்கி மக்ரோவையும் அணைத்துவிட வேண்டும். ஸ்லைட்டில் எதுவும் இல்லாத வெறும் இடத்தைக் காட்டி வெள்ளைச் சமநிலையைப் பூட்டி, குவியத்தைப் பூட்டி, அதன்பின் குவிப்பதெல்லாம் நுணுக்குக்காட்டியின் நுண்குமிழால் மட்டும். கரும்புலத்தில் ஒளியளவை ஒன்றிலிருந்து இரண்டு படி குறைக்காவிட்டால் கறுப்பைச் சாம்பலாக்கும் முயற்சியில் போன் உயிரை வெளிறடித்துவிடும்.

ஷட்டர் வேகம் உயிருக்கு உயிர் மாறும். அதிகம் அசையாத டெஸ்மிட், டயட்டம் போன்ற அல்காக்களுக்கு 1/60 போதும், குவியத்தை மெதுவாக ஏற்றி வீடியோ எடுத்து ஃபிரேம்களைப் பிக்கோலே போன்ற இலவச மென்பொருளில் அடுக்கினால் முழு உடலும் கூராகும். ரொட்டிஃபரின் தலையில் சக்கரம் சுற்றுவதாகத் தெரிவது மயிர்கள் அலையலையாக அடிப்பது. அதை மயிர் மயிராகக் காண 1/1000 தேவை, 4.7 ஓம் நிலையின் முழு வெளிச்சமும் தேவை. வோர்ட்டிசெல்லாவின் காம்பு சுருங்குவது சில மில்லிவிநாடியில் முடிந்துவிடும். விநாடிக்கு 240 ஃபிரேம் எடுத்தாலும் ஓரிரு ஃபிரேமுக்குள் நீண்ட காம்பு சுருளாகிவிடும். அந்த நொடிக்குக் காத்திருக்காமல் மேடையில் விரலால் இலேசாகத் தட்டி, பிறகு காம்பு மெதுவாக நீளும்போது எடுத்தால் சுருளின் ஒவ்வொரு வளையமும் வரும்.

படத்தில் அளவுக்கோடு போட, 1 மில்லிமீற்றரை 100 பிரிவாக்கிய மேடை அளவுகோலை ஒவ்வொரு பொருள்வில்லையிலும் ஒருமுறை அதே போனில், அதே பெரிதாக்கலில் எடுத்து வைத்தால் போதும். 10 மைக்ரோமீற்றருக்கு இத்தனை பிக்சல் என்பது கைக்கு வரும், இமேஜ்ஜே மென்பொருள் மீதியைப் பார்த்துக்கொள்ளும். போனையோ தாங்கியையோ மாற்றினால், இரண்டு விரலால் திரையைச் சற்றே விரித்தால்கூட, அந்த எண் செல்லாது.

வேலை முடிந்ததும் கருவியை மூடி இறுகும் பிளாஸ்டிக் பெட்டிக்குள், சிறிய ஈரப்பத மானியோடு வைக்க வேண்டும். 40 முதல் 50 சதவீதம் சரியான அளவு, 30க்குக் கீழே போனால் கிறீஸ் காயத் தொடங்கும். நிறம் மாறும் சிலிக்கா ஜெல்லை, ஈரம் குடித்து நிறம் மாறியதும் 110 முதல் 120 பாகையில் அடுப்பில் வறுத்து, ஆறியபின் திரும்பப் போடலாம். பொருள்வில்லை இல்லாத துளைகளைத் தூசி மூடியால் அடைக்க வேண்டும். சுழல்தட்டின் ஒரு துளை திறந்திருந்தால் குழாய்க்குள் பூச்சி கூடு கட்டும்.